புரோலட்டேரியட்: செத்துக் கிடந்த ஒரு லத்தீன் சொல் பாட்டாளி ஆன கதை

1832 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் பதினைந்து பேரை நிறுத்தியிருந்தார்கள். அரசுக்கு எதிராக எழுதிப் பரப்பினார்கள் என்பது வழக்கு. முதலில் வழக்கமான கேள்விகள்தான்: பெயர் என்ன, வயது என்ன, தொழில் என்ன? லூயி ஒகுஸ்த் பிளாங்கி என்ற 26 வயது இளைஞர் தொழிலைக் கேட்டபோது ஒரே சொல்லில் பதில் சொன்னார்: "புரோலட்டேர்."

"அது ஒரு தொழில் இல்லையே" என்றார் நீதிபதி.

"தொழில் இல்லையா? உழைத்துப் பிழைத்துக்கொண்டு, அரசியல் உரிமை எதுவும் இல்லாமல் இருக்கும் மூன்று கோடிப் பிரெஞ்சுக்காரர்களின் தொழில் அது!"

சரி, புரோலட்டேர் என்றே எழுதிக்கொள்ளும் என்று நீதிபதி எழுத்தரிடம் சொல்லிவிட்டார்.

அகராதியைப் பார்த்தால் நீதிபதி சொன்னதுதான் சரி. லத்தீன் படித்த ஒருவருக்கு அது பழைய ரோமாபுரியின் வரலாற்றுப் பாடத்தில் எதிர்ப்படும் சொல், அவ்வளவுதான். பிளாங்கியும் ஆலைத் தொழிலாளி இல்லை. அரசு அதிகாரி ஒருவரின் மகன். சட்டமும் மருத்துவமும் படித்தவர். ஆனாலும் அவர் அன்று எடுத்துப் போட்ட சொல் நின்றுவிட்டது. ஜெர்மனுக்கும் ரஷ்ய மொழிக்கும் போய், தமிழில் 'பாட்டாளி வர்க்கம்' என்று வந்து சேர்ந்திருப்பது அதுதான். ஏழைகள் என்பதற்கு இன்னொரு பெயர் என்றுதான் நம்மில் பலர் அதைப் புரிந்து வைத்திருக்கிறோம். அது பாதி சரி. தவறான பாதிதான் முக்கியமானது.

பிள்ளைகள் மட்டுமே சொத்து

லத்தீனில் 'புரோலெஸ்' என்றால் பிள்ளைகள், சந்ததி. அதிலிருந்து பிறந்தது 'புரோலெட்டாரியஸ்'. பிள்ளைகளை உடையவன் என்று சொல்லலாம். கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும். உண்மையில் அது பிள்ளைகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லாதவன் என்று பொருள்பட்ட பெயர்.

இது ஒரு கணக்கெடுப்பில் பிறந்த சொல். ரோமாபுரியின் ஆறாவது அரசரான செர்வியஸ் துல்லியஸ், கி.மு. 6ஆம் நூற்றாண்டில், குடிமக்கள் எல்லோருடைய சொத்தையும் கணக்கெடுத்து அவர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார் என்பது மரபுக் கதை. (இவ்வளவு விரிவான ஏற்பாடு அவருக்குப் பிற்பட்ட காலத்தில்தான் படிப்படியாக உருவாகியிருக்கும் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.) நாம் இன்றும் சொல்லும் 'சென்சஸ்' அந்தக் கணக்கெடுப்பின் பெயர். அந்த வகுப்புக்கு ரோமானியர் வைத்த பெயர் 'கிளாசிஸ்'. ஆங்கிலத்தின் 'கிளாஸ்' அதிலிருந்து வந்ததுதான்.

எதற்காக இந்தப் பிரிவினை? போருக்காக. ரோமானியப் போர்வீரன் தன் ஆயுதத்தைத் தானே வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு லட்சம் ஆஸ், அதாவது அந்தக் காலத்து வெண்கலக் காசு, பெறுமான சொத்து உள்ளவன் முதல் வகுப்பு. தலைக்கவசம், மார்புக் கவசம், கேடயம், ஈட்டி, வாள் என்று முழு அலங்காரத்தோடு அவன் வருவான். கீழே இறங்க இறங்க ஆயுதம் குறையும். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்கின்படி 11,000 ஆஸ் உள்ள ஐந்தாம் வகுப்புக்காரன் கவணும் கல்லுமாக வந்து நிற்பான். அதற்கும் வழியில்லாதவனை என்ன செய்வது? அவனிடம் வரியும் வாங்க முடியாது, வாளும் கேட்க முடியாது. அரசுக்கு அவனால் தர முடிந்தது பிள்ளைகளை மட்டும்தான். நாட்டுக்குச் சந்ததியை இவர்களிடமிருந்து எதிர்பார்த்ததால் இந்தப் பெயர் என்று ரோமானியப் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோ விளக்குகிறார்.

கடமைக்குத் தக்கபடியே உரிமையும். மக்கள் சபையில் ஆளுக்கு ஒரு வாக்கு கிடையாது. குழுவுக்கு ஒரு வாக்கு. மொத்தம் 193 குழுக்கள். குதிரைப்படைச் செல்வர்களுக்கு 18, முதல் வகுப்புக்கு 80. இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் 98, பெரும்பான்மை வந்துவிட்டது. வாக்கெடுப்பு மேலிருந்து கீழே வரும், முடிவு தெரிந்தவுடன் நின்றுவிடும். ஐந்து வகுப்புக்கும் கீழே இருந்த புரோலெட்டாரியஸ் கூட்டம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு குழு, அதுவும் கடைசியில். வாக்குரிமை அவர்களுக்கு உண்டு. முறைதான் வராது.

இதில் ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. ரோமானியக் கணக்கில் புரோலெட்டாரியஸ் எந்த வகுப்பிலும் சேராதவன். ஆக, 'புரோலட்டேரியட் என்னும் வர்க்கம்' என்ற தொடரைக் கேட்டால் ஒரு பழைய ரோமானியர் சிரித்திருப்பார்.

கி.மு. 450ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்திலும் இந்தச் சொல் வருகிறது. சொத்துள்ளவனுக்குச் சொத்துள்ளவன்தான் பிணை நிற்க வேண்டும். புரோலெட்டாரியஸுக்கு விருப்பமுள்ள எவனும் நிற்கலாம் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் காலம் போகப் போகப் பணத்தின் மதிப்பு மாறியது, படையின் அமைப்பும் மாறியது. கி.மு. 107இல் மாரியஸ் என்ற தளபதி சொத்துக் கணக்குப் பார்க்காமல் ஏழைகளைப் படையில் சேர்த்துக்கொண்டார். அப்புறம் இந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

எவ்வளவு தூரம் வேலையில்லாமல் போனது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆவ்லுஸ் கெல்லியஸ் எழுதி வைத்தது. சிலர் கூடி அமர்ந்து பழைய கவிஞர் என்னியுஸின் வரிகளை வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 'புரோலெட்டாரியஸ்' என்ற சொல் வருகிறது. என்ன பொருள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்டால், அதெல்லாம் வழக்கொழிந்த பழங்காலச் சட்டம், அதை நான் ஏன் படித்து வைத்திருக்க வேண்டும் என்று நழுவிவிடுகிறார். கடைசியில் அந்தப் பக்கமாக வந்த ஒரு கவிஞர்தான் விளக்கம் சொல்கிறார். ஏழைகள் ரோமாபுரி நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்தான் யாருக்கும் நினைவில் இல்லை.

அதே கெல்லியஸ் இன்னோரிடத்தில் நல்ல எழுத்தாளரை 'கிளாசிகுஸ்' என்றும், அவர் 'புரோலெட்டாரியஸ்' அல்லர் என்றும் ஒரு பேச்சைக் குறித்து வைத்திருக்கிறார். முதல் வகுப்புப் பணக்காரர் போன்ற தரமான எழுத்தாளர் என்பது கருத்து. நாம் 'கிளாசிக்' என்று மெச்சும் சொல்லின் பிறப்பே இப்படிப்பட்டது.

லியோன் தறிகளும் பாரிஸ் நீதிமன்றமும்

சரி, இப்படிச் செத்துப்போன ஒரு சொல் 1830களில் ஏன் எழுந்து வந்தது?

அந்த நீதிமன்றக் காட்சிக்கு இரண்டு மாதம் முன்னால், 1831 நவம்பரில், லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றைப் பேசி முடிவு செய்திருந்தார்கள். வணிகர்களில் ஒரு பகுதியினர் அதைத் தர மறுத்தார்கள். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்' என்று கொடியில் எழுதிக்கொண்டு நகரத்தையே சில நாட்கள் கைப்பற்றி வைத்திருந்தார்கள். ஐரோப்பா அதிர்ந்தது. இவர்கள் யார்? ஏழைகள் என்றால் போதவில்லை; பிச்சைக்காரர்களும் ஏழைகள்தான். பழைய கைவினைஞர் என்றாலும் பொருந்தவில்லை. பண்ணையடிமைகளும் இல்லை. புதிதாக ஒரு கூட்டம் உருவாகியிருந்தது, அதற்குப் பெயர் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதே 1831இல் வந்த பிரெஞ்சுத் தேர்தல் சட்டப்படி, ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டுபவருக்குத்தான் பொதுவாக வாக்கு. மூன்று கோடிக்கு மேல் மக்கள் இருந்த நாட்டில் வாக்காளர்கள் சுமார் 1,66,000 பேர். சொத்தைப் பார்த்து வாக்கைப் பங்கிட்ட ரோமாபுரி நினைவுக்கு வராமல் இருக்குமா? பிளாங்கியின் பதிலில் 'அரசியல் உரிமை இல்லாமல்' என்ற பகுதியைச் சேர்த்துப் படித்தால்தான் அவர் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளங்கும்.

ஆனால் பெயர் பழையதாக இருந்தாலும் ஆள் புதியவன். இந்த வேறுபாட்டைச் சிஸ்மோந்தி என்ற பொருளியல் அறிஞர் ஒரே வரியில் பிடித்தார்: ரோமாபுரியின் புரோலெட்டாரியன் சமூகத்தின் செலவில் வாழ்ந்தான்; இன்றைய சமூகம் புரோலெட்டாரியனின் செலவில் வாழ்கிறது. ரோமாபுரியில் ஏழைக் குடிமகனுக்கு அரசு தானியம் அளந்தது, வேலையை அடிமை செய்தான். 19ஆம் நூற்றாண்டிலோ வேலை முழுவதும் இவன் தலையில். பிற்காலத்தில் மார்க்ஸும் இந்த வரியை மேற்கோள் காட்டினார்.

மார்க்ஸ் என்ன மாற்றினார்?

1842இல் லோரன்ஸ் ஃபொன் ஸ்டைன் என்பவர் பிரான்ஸின் சோசலிசக் கருத்துகளைப் பற்றி ஜெர்மனில் ஒரு நூல் எழுதினார். ஜெர்மன் வாசகர்களிடம் இந்தச் சொல் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. 1843இல் கார்ல் மார்க்ஸ் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு வெளியான அவருடைய கட்டுரை ஒன்றில் புரோலட்டேரியட் வந்துவிட்டது, அதுவும் உலகத்தை மாற்றப் போகும் வர்க்கமாக. பரிதாபத்துக்கு உரியவர்களாக இருந்தவர்களை அவர் வரலாற்றின் நாயகர்கள் ஆக்கினார்.

அதைவிட முக்கியம், சொல்லின் வரையறையை மாற்றியது. இதில் மார்க்ஸின் நண்பரும் அவரோடு சேர்ந்து எழுதியவருமான எங்கெல்ஸுக்குப் பெரும் பங்கு. 1847இல் 25 கேள்வி பதிலாக ஒரு வரைவு எழுதினார். அதில் இரண்டாவது கேள்வியே 'புரோலட்டேரியட் என்றால் என்ன?' என்பது. தன் உழைப்பை விற்பதால் மட்டுமே பிழைக்கிற, எந்த மூலதனத்தின் லாபத்தாலும் பிழைக்காத வர்க்கம் என்பது அவர் தந்த பதில். 1888இல், மார்க்ஸும் அவரும் சேர்ந்து எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் ஆங்கிலப் பதிப்புக்கு எழுதிய குறிப்பில் இதை இன்னும் கூர்மையாக்கினார். சொந்தமாக உற்பத்திச் சாதனம் இல்லாததால், வாழ்வதற்காகத் தங்கள் உழைப்புச் சக்தியை விற்க வேண்டிய நிலையில் இருக்கும் நவீனக் கூலித் தொழிலாளர் வர்க்கம் என்றார்.

இந்த வரையறையில் எது இல்லை என்று பாருங்கள். வருமானம் எவ்வளவு என்ற பேச்சே இல்லை. கையில் அழுக்குப் படுகிறதா, சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கிறதா என்பதும் இல்லை. ஏழ்மை கூட இல்லை. இருப்பது ஒரே கேள்வி: நீங்கள் வேலை செய்யும் ஆலை, இயந்திரம், நிலம், கணினி வலையமைப்பு ஆகியவை யாருடையவை? உங்களுடையவை இல்லையென்றால், சம்பளத்துக்கு உங்களை நீங்களே விற்றுக்கொள்ளாமல் அடுத்த மாதத்தை ஓட்ட முடியாதென்றால், இந்த வரையறைக்குள் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

விற்றுக்கொள்வது என்றால் அடிமை போலவா என்று கேட்கலாம். எங்கெல்ஸின் அந்தக் கேள்வி பதிலிலேயே இதற்கும் இடம் உண்டு. அடிமை ஒரே தடவையாக விற்கப்பட்டுவிடுகிறான். புரோலெட்டாரியன் தன்னை நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் விற்க வேண்டியிருக்கிறது என்கிறார். அடிமைக்குச் சோறு போடுவது எஜமானனுக்கு நலன், ஏனென்றால் அவன் உடைமை. இவனை வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். இதைத்தான் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் இரண்டு பொருளில் 'சுதந்திரம்' என்று கசப்பாகச் சொன்னார். யாருக்கும் அடிமை இல்லை என்ற சுதந்திரம் ஒன்று. கருவியோ நிலமோ எதுவும் கையில் இல்லை என்ற 'சுதந்திரம்' இன்னொன்று.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் உழைப்பு, உழைப்புச் சக்தி என்ற இரண்டு சொற்கள். ஒரு நாளைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் விற்பது அன்று அவர் செய்து முடித்த பொருளை இல்லை. எட்டு மணி நேரம் வேலை செய்யும் தன் திறனை. அதன் விலை சம்பளம். அந்த எட்டு மணி நேரத்தில் அவர் உண்டாக்கும் மதிப்பு சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். அப்படி இருந்தால்தான் அவரை வேலைக்கு வைப்பார்கள். அந்தக் கூடுதலுக்கு மார்க்ஸ் வைத்த பெயர் உபரி மதிப்பு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே இது போதும்.

புரோலட்டேரியட் இல்லாதவர் யார்? சொந்தக் கடையில் தானே உட்கார்ந்து வியாபாரம் செய்பவர் எவ்வளவு சிரமப்பட்டாலும் மார்க்ஸின் கணக்கில் குட்டி முதலாளி. சொந்தத் துண்டு நிலத்தில் பயிர் செய்பவர் விவசாயி. நிலையான வேலை எதிலும் ஒட்டாமல் நகரத்தின் ஓரங்களில் கிடைத்ததைச் செய்து பிழைப்பவர்களை 'லும்பன்புரோலட்டேரியட்' என்று தள்ளி வைத்தார்கள். ஜெர்மனில் 'லும்பன்' என்றால் கந்தல். தமிழில் 'உதிரிப் பாட்டாளிகள்' என்கிறோம். எனக்கென்னவோ தமிழ்ச்சொல் மூலத்தைவிட மரியாதையாக இருப்பதாகத் தோன்றுகிறது. மார்க்ஸும் எங்கெல்ஸும் அவர்களைப் பற்றி எழுதிய இடங்களில் இகழ்ச்சி தெரியும். 'உதிரி'யில் அது அவ்வளவாக இல்லை.

பாடும் ஆளியும்

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். காடு காட்டு ஆவது போல, பாடு என்பது பாட்டு ஆகி, 'ஆளி' சேர்ந்து பாட்டாளி. 'நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்' என்கிறோமே, அந்தப் பாடுதான். உழைப்பும் துன்பமும் ஒரே சொல்லில் பின்னிக் கிடக்கின்றன. லத்தீன் சொல் ஒருவனிடம் என்ன இல்லை என்று பார்த்துப் பெயர் வைத்தது. தமிழ் அவன் என்ன படுகிறான் என்று பார்த்தது.

'ஆளி' என்ற விகுதி நம்மிடம் ஏராளம். கடன் இருந்தால் கடனாளி, நோய் இருந்தால் நோயாளி, பங்கு இருந்தால் பங்காளி. முதல் போட்டவர் முதலாளி, தொழில் செய்பவர் தொழிலாளி. இந்தக் கடைசி இரண்டையும் பொருளியல் நூல்களே திட்டமிட்டு உருவாக்கினாலும் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. 'கூலி'யோ இன்னும் பழசு. முயற்சி மெய்வருத்தக் கூலி தரும் என்று குறளே சொல்கிறது. 'வர்க்கம்' மட்டும் வடமொழி வரவு. வகை, கூட்டம் என்று பொருள். கணக்கில் வர்க்கமூலம் என்று வருவதும் இதே சொல்தான். 'வர்ணம்' வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஜெர்மன் மூலத்தில் கம்யூனிஸ்ட் அறிக்கை 'எல்லா நாட்டுப் புரோலெட்டாரியர்களே' என்றுதான் கூப்பிட்டு முடிகிறது. 1888 ஆங்கிலப் பதிப்பு அதை 'உழைக்கும் மனிதர்களே' என்று மாற்றியது. தமிழில் நமக்குப் பழகிய முழக்கம் 'உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்'. கோஷம் போடத் தொழிலாளர், கோட்பாடு பேசப் பாட்டாளி வர்க்கம் என்று நம்மிடம் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. பெரியாரின் 'குடிஅரசு' 1931இல் அந்த அறிக்கையைத் தமிழில் வெளியிட்டபோது வைத்த தலைப்பு 'சமதர்ம அறிக்கை'. இந்தச் சொற்களெல்லாம் தமிழில் இடம் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் 'பாட்டாளி' என்ற மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கலும் உண்டு. சொந்த நிலத்தில் வெயிலில் முதுகொடியும் விவசாயி தமிழ்ச் சொல்லின்படி அசல் பாட்டாளி. மார்க்ஸின் வரையறைப்படி இல்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கணினியில் நிரல் எழுதும் ஊழியர், வேறு சொத்து வருமானம் இல்லையென்றால், வரையறைப்படி புரோலட்டேரியட்டுக்கு மிக நெருக்கமானவர். அவரைப் பாட்டாளி என்று கூப்பிட்டால் அவருக்கே சிரிப்பு வரும். 'பாட்டாளி வர்க்கம்' என்று எங்காவது படிக்கும்போது, எழுதியவர் படும் பாட்டைச் சொல்கிறாரா, உடைமையைச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல வாதங்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் வளர்கின்றன. 'பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்' என்ற தொடரிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. 'டிக்டேட்டர்' என்பதும் ரோமாபுரிச் சொல். நெருக்கடிக்காக அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு அமர்த்தப்பட்ட பதவி அது. சர்வாதிகாரம் என்றவுடன் நமக்குத் தோன்றும் உருவம் அந்த ஆறு மாதத்தில் அடங்காது.

2011இல் கை ஸ்டாண்டிங் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் ஒரு நூலில் 'பிரிக்கேரியட்' என்ற சொல்லைப் பரப்பினார். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒப்பந்தக்காரர்கள், துண்டு வேலைக்காரர்கள் எல்லோரையும் அதில் சேர்த்தார். 'பிரிக்கேரியஸ்' என்ற லத்தீன் சொல்லை 'புரோலட்டேரியட்'டோடு ஒட்டிய கலவை இது. பிரிக்கேரியஸ் என்றால் கெஞ்சிப் பெற்றது, கொடுத்தவர் நினைத்தால் திரும்பப் பறிக்கக்கூடியது.

இதில் நமக்குக் கண்முன் தெரியும் உதாரணம் போன் செயலி வழியாக வேலை வாங்கி வண்டி ஓட்டுபவர். வண்டி அவருடையது, போன் அவருடையது, பெட்ரோல் செலவும் அவருடையது. அப்படியானால் உற்பத்திச் சாதனம் அவரிடம்தானே இருக்கிறது, அவர் எப்படிப் பாட்டாளி ஆவார்? இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லியோன் நெசவாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அங்கே பட்டறை நடத்திய நெசவாளருக்குத் தறி சொந்தம். வீட்டிலேயே வைத்து நெய்தார். பட்டு நூலைத் தருபவர் வணிகர், துணியை வாங்கிக்கொள்பவரும் அவரே, ஒரு முழத்துக்கு எவ்வளவு என்று சொல்பவரும் அவரே. தறி கையில் இருந்தும் விலை கையில் இல்லை. 1831இல் தெருவுக்கு வந்தது அந்த விலைக்காகத்தான்.

2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கு முன் இதே கேள்வி வந்தது. ஊபர் ஓட்டுநர்கள் சொந்தத் தொழில் நடத்துபவர்கள் என்றது நிறுவனம். கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள், வேலையின் நிபந்தனைகளை யார் எழுதுகிறார்கள் என்று நீதிபதிகள் பார்த்தார்கள். கார் யாருடைய பெயரில் இருக்கிறது என்பது வழக்கைத் தீர்க்கவில்லை. அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு எழுதினார்கள்.